ஃபைனைட் மேத் முதல் தேர்வில் 54: எண்ணுவதில்தான் தடுமாறுகிறேன், யாராவது கைகொடுங்கள்

இரவுப்பள்ளி
எல்லோருக்கும் வணக்கம். இந்தியானாவில் இருக்கிறேன். பகலில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை, வாரம் இரண்டு மாலை கல்லூரி. அக்கவுண்டிங் பட்டத்துக்கு ஃபைனைட் மேத் (கணங்கள், எண்ணும் முறை, நிகழ்தகவு எல்லாம் சேர்ந்த கணக்கு) கட்டாயப் பாடம். ப்ளஸ் டூவில் தமிழ் வழியில் வணிகக் கணிதம் படித்தவள்தானே, சமாளித்துவிடலாம் என்று சேர்ந்தேன். ஆனால் அது இருபது வருடக் கதை. முதல் தேர்வில் 100க்கு 54.

கணங்கள், வென் படம் வரை ஒரு குறையும் இல்லை. எண்ணும் முறை வந்ததும் சறுக்கிவிட்டேன். எந்தக் கணக்குக்கு என்.பி.ஆர் (வரிசை பார்த்து எண்ணுவது), எதற்கு என்.சி.ஆர் (வரிசை பார்க்காமல் எண்ணுவது) என்று ஒவ்வொரு முறையும் ஊகித்துத்தான் போடுகிறேன், பாதிக்குப் பாதி தப்பு. இன்னும் மூன்று வாரத்தில் இரண்டாவது தேர்வு. அதில் நிபந்தனை நிகழ்தகவும் (ஒன்று நடந்தது தெரிந்தால் மற்றதன் வாய்ப்பு), அதைத் திருப்பிப் போட்டுக் கணக்கிடும் பேயீஸ் தேற்றமும். அதற்கப்புறம் இன்றைய நிலையை வைத்து நாளைய வாய்ப்பைச் சொல்லும் மார்கோவ் சங்கிலி, குறைந்த செலவோ அதிக லாபமோ தேடும் சிம்ப்ளெக்ஸ் முறை என்று பட்டியல் நீள்கிறது.

தமிழில் யாராவது விளக்கினால் உள்ளே இறங்கும் என்று தோன்றுகிறது.

முடிவிலி
கால்குலஸ் வராதவர்களுக்காக வைத்திருக்கும் பாடம் அது. எண்ணும் முறையும் நிகழ்தகவும் நம்ம ஊர் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. இணையத்தில் இறக்கி, பயிற்சிக் கணக்குகளை வரிசையாகப் போடுங்கள். மூன்று வாரம் தாராளம்.

சாக்பீஸ்
முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, சூத்திரத்தை விட்டுவிடுங்கள். தப்பாய்ப் போன ஒரு கணக்கை, நீங்கள் போட்டபடியே இங்கே எழுதுங்கள். விடைத்தாளைப் பார்க்காமல் மருந்து சொல்லக் கூடாது.

இரவுப்பள்ளி
நன்றி ஐயா. இதோ: 7 பெண்கள், 6 ஆண்கள். 5 பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும், குறைந்தது 2 பெண்கள் இருக்க வேண்டும். எத்தனை விதம்?

நான் முதலில் 2 பெண்களைத் தேர்ந்தெடுத்தேன்: 7இல் 2, அதாவது 21. மீதி 11 பேரில் யாராக இருந்தாலும் சரி, 3 பேர்: 165. பெருக்கினால் 3465. ஆசிரியர் ஒரு கோடு போட்டு சைபர் கொடுத்துவிட்டார். ஏன் என்று எழுதவில்லை. எனக்கு இன்னும் இது சரி என்றுதான் படுகிறது.

சாக்பீஸ்
நல்ல தப்பு. முப்பத்திரண்டு வருடமும் இதே தப்பைத் திருத்தியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. எந்த நிபந்தனையும் இல்லாமல் 13 பேரில் 5 பேரை எடுக்க எத்தனை விதம்? 1287. மொத்தக் குழுக்களே 1287 இருக்கும்போது உங்கள் குழுக்கள் 3465. வயலில் அறுத்ததைவிட வீட்டுக்கு வந்த நெல் கூடுதல் என்றால், ஒரே மூட்டையை யாரோ மூன்று தடவை எண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எந்த மூட்டை என்று பார்ப்போம். ஒரு குழுவில் அமுதா, வள்ளி, செல்வி என்று 3 பெண்கள் இருக்கிறார்கள், கூட 2 ஆண்கள். உங்கள் முறையில் அமுதாவும் வள்ளியும் "முதல் இருவர்", செல்வி "மீதி"யில் வருகிறாள். இன்னொரு முறை அமுதாவும் செல்வியும் முதல் இருவர், வள்ளி மீதி. அப்புறம் வள்ளியும் செல்வியும். குழு ஒன்றுதான், நீங்கள் மூன்றாக எண்ணிவிட்டீர்கள். 4 பெண்கள் இருந்தால் 6 முறை, ஐவரும் பெண்கள் என்றால் 10 முறை.

தனித்தனியாக எண்ணினால் 2 பெண்கள் 420, 3 பெண்கள் 525, 4 பெண்கள் 210, 5 பெண்கள் 21. கூட்டினால் 1176. இப்போது 420 + 3×525 + 6×210 + 10×21 போட்டுப் பாருங்கள். உங்கள் 3465 அப்படியே வரும். உங்கள் பெருக்கலில் பிழையே இல்லை, எண்ணிய பொருள்தான் வேறு. நீங்கள் எண்ணியது "இரண்டு பெண்களுக்கு மாலை போட்டு நிறுத்திய குழு".

"குறைந்தது" என்று வந்தால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் எண்ணுவது சுலபம். பெண்ணே இல்லாத குழு 6, ஒரே பெண் உள்ள குழு 105. 1287இலிருந்து 111 போனால் 1176.

என்.பி.ஆரா, என்.சி.ஆரா என்பதற்கு ஒரே கேள்விதான்: தேர்ந்தெடுத்த இருவரை இடம் மாற்றி உட்கார வைத்தால் அது வேறு விடையா? 13 பேரில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்றால் மாற்றி உட்கார்ந்தால் சண்டை வரும். அது 1716. வெறும் மூவர் குழு என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். 1716ஐ 6ஆல் வகுத்து 286.

டிஏ_வாழ்க்கை
வாத்தியார் ஐயாவின் "மாலை போட்ட குழு"வைத் திருடி, நாளைக்கு என் வகுப்பில் ஆங்கிலத்தில் விற்கப் போகிறேன். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இதே பாடத்துக்குத்தான் டி.ஏ. (பேராசிரியருக்குக் கற்பித்தல் உதவியாளர்) வேலை பார்க்கிறேன்.

அக்கா, உங்கள் புத்தகத்தில் மிசிசிப்பி கணக்கு கட்டாயம் இருக்கும். ஆங்கிலத்தில் 11 எழுத்து, மாற்றி அடுக்க 34,650 விதம். தமிழில் எழுதினால் மி, சி, சி, ப், பி என்று ஐந்தே எழுத்து, 60 விதத்தோடு முடிந்துவிடும். இலக்கண வாத்தியார் வந்தால் ப் முதலில் நிற்காது என்று 12ஐக் கழித்து 48 ஆக்கிவிடுவார். அவர் கழித்ததும் நிபந்தனை போட்டு எண்ணும் முறைதான்.

இரவுப்பள்ளி
ஐயா, மூன்று தடவை படித்தேன். கோபம் போய்விட்டது. 3465ஐப் பிரித்துக் காட்டியது இறங்கிவிட்டது.

இன்னொரு வெட்கக்கேடான விஷயம். பாதிக் கணக்குகள் சீட்டுக்கட்டில் வருகின்றன. எனக்குச் சீட்டே தெரியாது. எங்கள் வீட்டில் சீட்டைக் கையால் தொட்டால் அப்பா பிரம்பை எடுப்பார். 52 சீட்டு, நான்கு வகை, வகைக்கு 13, முகச்சீட்டு 12 என்று என் மகன்தான் போன வாரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான். வகுப்பில் எல்லோரும் பிறக்கும்போதே இது தெரிந்து பிறந்தவர்கள் போல் இருக்கிறார்கள்.

தாயக்கட்டை
இதில் வெட்கம் எதற்கு? அமெரிக்கப் பாடப்புத்தகம் எழுதியவருக்குத் தாயம் தெரியுமா? தாயத்திலேயே போடுவோம்.

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறுமை, 1, 2, 3. ஆக 16 விதமாக விழலாம். கூட்டுத்தொகை 1, அதாவது தாயம், விழுவது 2 விதம். 2 விழ 3, 3 விழ 4, 4 விழ 3, 5 விழ 2, 6 விழ 1. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அது 1 விதம். கூட்டினால் 16.

சின்ன வயதில் "தாயமே விழ மாட்டேங்குது" என்று அழுதது நியாயம்தான். ஒரு வீச்சில் அதன் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை வீசியும் ஒருமுறைகூட விழாமல் போக 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எட்டில் ஏழை எட்டுத் தடவை பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் எங்கள் வீட்டில் 5, 6, 12 விழுந்தால் மறுபடி வீசலாம். அதன் வாய்ப்பு 16இல் 4. அப்படியானால் ஒரு முறை கை வந்தால் தாயம் விழும் வாய்ப்பு என்ன? அதை எக்ஸ் என்று வைப்போம். முதல் வீச்சிலேயே விழ எட்டில் ஒன்று. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் மறுபடி வீசுகிறோம், அப்போது நிலைமை மறுபடி அதே எக்ஸ். எனவே எக்ஸ் = 1/8 + எக்ஸ்/4. தீர்த்தால் எக்ஸ் = 1/6.

லூடோவில் காய் இறங்க 6 விழ வேண்டும். அதுவும் ஆறில் ஒன்று! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நைட்ஷிப்ட்
எங்கள் ஊரில் தாயம் விழுந்து காய் இறங்கும் வரை 5, 6, 12க்கு மறுவீச்சு கிடையாது. உங்கள் வீட்டு ஆட்டம் கள்ளாட்டம்.

தாயக்கட்டை
உங்கள் ஊரில் எட்டில் ஒன்றோடு கஷ்டப்படுங்கள். விதி மாறினால் வாய்ப்பு மாறும், கணக்கு கள்ளம் பேசாது.

முடிவிலி
1/6 அழகு, ஒப்புக்கொள்கிறேன். முடிவில்லாத் தொடரைக் கூட்டாமலே விடை வந்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், இந்தப் பாடம் கணிதத்தின் குழந்தைப் பதிப்பு.

டிஏ_வாழ்க்கை
முடிவிலி அண்ணா, இந்தப் பாடத்தின் பிறப்பைத் தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

1950களில் அமெரிக்கக் கல்லூரியில் முதலாமாண்டுக் கணக்கு என்றால் கால்குலஸும் அதற்கான தயாரிப்பும்தான். இயற்பியல், பொறியியல் படிப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது. நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, லாரி ஸ்னெல், ஜெரால்டு தாம்சன் என்று மூன்று பேர், சமூகவியலும் உயிரியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு எந்தக் கணிதம் உதவும் என்று யோசித்தார்கள். தர்க்கம், கணங்கள், நிகழ்தகவு, அணிகள், மார்கோவ் சங்கிலி, விளையாட்டுக் கோட்பாடு எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் சேர்த்து 1957இல் வெளியிட்டார்கள். ஃபைனைட் மேத் என்ற பெயர் கல்லூரிகளில் பரவியது அதிலிருந்துதான். சிம்ப்ளெக்ஸ் முறையை ஜார்ஜ் டான்ட்சிக் கண்டுபிடித்ததே 1947இல். இப்படி அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த புதுக் கணிதத்தை நேராக முதலாமாண்டில் இறக்கினார்கள் என்றால் அது குழந்தைப் பதிப்பா?

கெமெனி சாதாரண ஆள் இல்லை. புடாபெஸ்டில் பிறந்தவர், பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனுக்குக் கணித உதவியாளராக இருந்தவர். தாமஸ் கர்ட்ஸோடு சேர்ந்து 1964இல் பேசிக் என்ற கணினி மொழியை உருவாக்கியவரும் அவர்தான். அதுவும் கணினிக்காரர் அல்லாத மாணவர்களுக்காக. மனிதருக்கு அதே குறி.

இன்று பல கல்லூரிகளில் தர்க்கம், விளையாட்டுக் கோட்பாடு எல்லாம் காணாமல் போய், வட்டிக் கணக்கு உள்ளே வந்துவிட்டது. அந்த இடத்தில் உங்கள் திட்டில் நியாயம் உண்டு.

முடிவிலி
பேசிக் உருவாக்கியவர் என்று தெரியும், ஃபைனைட் மேத் என்று தெரியாது. சரி, வாபஸ்.

நைட்ஷிப்ட்
அக்கா, பேயீஸுக்கு வருவோம். நான் மருத்துவமனையில் நர்ஸ், நான் படித்தபோது இது எனக்கும் கசப்பு. 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி வந்தது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி சார்ந்த மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. சோதனை, நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும். ஒருவருக்கு பாசிட்டிவ் வந்திருக்கிறது, வேறு அறிகுறி எதுவும் தெரியாது. அவருக்கு உண்மையில் நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

கிட்டத்தட்ட பாதிப் பேர் 95 சதவீதம் என்றார்கள். சரியான விடை சுமார் 2 சதவீதம். அதைச் சொன்னவர்கள் 11 பேர்.

சூத்திரமே வேண்டாம். ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்கள். நோயாளி ஒருவர், அவருக்கு பாசிட்டிவ். மீதி 999 பேரில் 5 சதவீதம், ஏறக்குறைய 50 பேருக்குச் சும்மா பாசிட்டிவ். பாசிட்டிவ் சீட்டோடு நிற்பவர்கள் 51 பேர், அவர்களில் நோயாளி ஒருவர். எங்கள் வார்டில் மறுசோதனை செய்யாமல் யாரையும் பயமுறுத்தாததற்கு இதுதான் காரணம்.

முடிவிலி
அந்தக் கேள்வியிலேயே ஓட்டை இருக்கிறது. நோய் உள்ளவருக்குச் சோதனை எப்போதும் பாசிட்டிவ் காட்டுமா என்று சொல்லவே இல்லை. நீங்கள் "அவருக்கு பாசிட்டிவ்" என்று நைசாகச் சேர்த்துவிட்டீர்கள். தேர்வில் அந்த எண்ணைத் தேடிப் பிடித்துப் போட வேண்டும்.

நைட்ஷிப்ட்
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது 90 சதவீதம் என்றாலும் விடை 2ஐ ஒட்டித்தான் நிற்கும். 95ஐ எட்டாது.

சாக்பீஸ்
நர்ஸம்மா சொன்ன வரியை இன்னொரு தடவை படியுங்கள்: "அவர்களில் நோயாளி ஒருவர்." இந்த "இல்" தான் முழுப் பாடமும்.

தமிழில் பின்னம் சொல்லும்போது கீழே இருக்கும் எண்ணை முதலில் சொல்கிறோம். ஐந்தில் மூன்று, நூற்றில் ஒருவர். "இல்" எதில் ஒட்டுகிறதோ அது பகுதி, பின்னால் வருவது தொகுதி. ஆங்கிலத்தில் மேலே உள்ளதை முதலில் சொல்லி, நிபந்தனையைக் கடைசியில் ஒட்டுகிறார்கள். உங்கள் புத்தகத்தின் குறியீடும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. தமிழிலும் அதை "எனில்" என்று படிக்கும்போது பிள்ளைகளுக்கு அங்கேயே குழப்பம் தொடங்கும்.

நான் வகுப்பில் "எனில்" வரும் இடத்தையெல்லாம் "களில்" என்று மாற்றி எழுதச் சொல்வேன். "நோயுள்ளவர்களில் பாசிட்டிவ் வந்தவர்கள்" ஒன்று. "பாசிட்டிவ் வந்தவர்களில் நோயுள்ளவர்கள்" இன்னொன்று. முதலாவது சோதனை எவ்வளவு நல்லது என்று சொல்லும். நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது. ஆங்கிலத்தில் இந்த இரண்டும் தூக்கக் கலக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும். தமிழில் "பசுக்களில் கறுப்பானவை", "கறுப்பானவற்றில் பசுக்கள்" என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் குழம்பாது.

டிஏ_வாழ்க்கை
ஆங்கிலத்திலும் பகுதியை முன்னால் வைத்துச் சொல்ல முடியும் ஐயா, "இவர்களுக்குள் எத்தனை பேர்" என்கிற மாதிரி. புத்தகங்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆனால் வேற்றுமை உருபைப் பிடித்து நிகழ்தகவு சொல்லிக்கொடுத்த ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

இரவுப்பள்ளி
பயிற்சிக் கணக்கு ஒன்றை "களில்" போட்டுச் செய்தேன், பாருங்கள். முதல் இயந்திரம் 60 சதவீதப் பொருட்களைச் செய்கிறது, அதில் 2 சதவீதம் பழுது. இரண்டாவது 40 சதவீதம், அதில் 5 சதவீதம் பழுது. பழுதான ஒன்று கையில் கிடைத்தால் அது இரண்டாவது இயந்திரத்துடையதாக இருக்க வாய்ப்பு?

ஆயிரம் பொருள். 600இல் பழுது 12. 400இல் பழுது 20. பழுதானவற்றில், அதாவது 32இல், இரண்டாவதுடையது 20. 62.5 சதவீதம். புத்தகத்தின் கடைசியில் பார்த்தேன், அதேதான்! சூத்திரத்தைப் போட்டிருந்தால் இந்நேரம் அழுதுகொண்டிருப்பேன்.

சாக்பீஸ்
முழு மதிப்பெண்.

தாயக்கட்டை
வேலை இடத்தில் யாராவது பவர்பால் லாட்டரி டிக்கெட்டுக்குப் பணம் பிரிக்கிறார்களா? அதுவும் உங்கள் பாடம்தான். 69இல் 5 எடுக்க 1,12,38,513 விதம். சிவப்புப் பந்து 26இல் ஒன்று. பெருக்கினால் 29,22,01,338இல் ஒரு விதம்தான் ஜாக்பாட்.

இரவுப்பள்ளி
பிரிக்கிறார்கள், நானும் இரண்டு டாலர் கொடுக்கிறேன். கணக்கு தெரிந்துவிட்டது என்று நாளைக்குக் கொடுக்காமல் விட்டு, நாளைக்கே விழுந்துவிட்டால்?

நைட்ஷிப்ட்
இதற்குப் பேயீஸிடம் பதில் இல்லை அக்கா.

இரவுப்பள்ளி
(மூன்று வாரம் கழித்து) இரண்டாவது தேர்வு: 81.

பேயீஸ் இரண்டுக்கும் முழு மதிப்பெண். "குறைந்தது ஒன்று" என்ற கணக்கில் எதிர்ப்பக்கம் எண்ணினேன். மதிப்பெண் போனது 'சரியா, தவறா' என்ற கேள்வியில்: "ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் சார்பற்றவை." சரி என்று எழுதிவிட்டேன். ஒட்டு உறவே இல்லாதவைதானே என்று நினைத்தேன்.

சாக்பீஸ்
ஒரே வீச்சில் தாயமும் பன்னிரண்டும் விழ முடியாது. விலக்கும் நிகழ்ச்சிகள். தாயம் விழுந்துவிட்டது என்று நான் சொன்னால், பன்னிரண்டின் வாய்ப்பு 16இல் ஒன்றிலிருந்து பூஜ்யமாகிவிடுகிறது. ஒருவர் வீட்டுக்குள் வந்ததும் மற்றவர் வெளியேறுகிறார் என்றால் இருவருக்கும் உறவில்லை என்றா சொல்வோம்? பலமான பகை இருக்கிறது. சார்பற்றவை என்றால், ஒன்று நடந்த செய்தி மற்றதைத் துளியும் அசைக்கக் கூடாது. முதல் கட்டையில் என்ன விழுந்தது என்பதும் இரண்டாவதில் என்ன விழுந்தது என்பதும் அப்படி.

டிஏ_வாழ்க்கை
வாழ்த்துகள் அக்கா! அடுத்து மார்கோவ் வரும். கெமெனி குழுவின் புத்தகம் வழியாகப் பிரபலமான ஆஸ் என்ற கற்பனை நாட்டின் வானிலைக் கணக்கை முதலில் போடுங்கள். அங்கே அடுத்தடுத்து இரண்டு நாள் நல்ல வெயில் கிடையாது. இன்று வெயில் என்றால் நாளை மழையோ பனியோ, சரிபாதி. இன்று மழை என்றால் நாளையும் மழை பெய்யப் பாதி வாய்ப்பு, மீதியில் வெயிலும் பனியும் கால் கால். பனிக்கும் அப்படியே. இந்த வாய்ப்புகளை அணியாக எழுதி, அதைத் தன்னோடு பெருக்கிக்கொண்டே போனால், எந்த நாளில் தொடங்கினாலும் மழை 40, வெயில் 20, பனி 40 சதவீதத்தில் வந்து நிற்கும். கையால் நான்கு தடவை பெருக்கினாலே தெரிய ஆரம்பிக்கும்.

இரவுப்பள்ளி
இந்தியானா வானிலையை அப்படியே எழுதியிருக்கிறார்கள். எனக்கு மார்கோவைவிடச் சிம்ப்ளெக்ஸ்தான் பயம். அட்டவணை அட்டவணையாக இருக்கிறது.

முடிவிலி
இந்த ஒரு தடவை நான் ஆறுதல் சொல்கிறேன். 77 உணவுப்பொருட்கள், 9 சத்துகள், எல்லாச் சத்தும் கிடைக்க வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும். ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் 1945இல் வெளியிட்ட கணக்கு. அவர் ஊகமும் சாமர்த்தியமுமாக வருடத்துக்கு 39.93 டாலர் என்றார். 1947இல் சிம்ப்ளெக்ஸ் முறையைச் சோதித்துப் பார்க்க இதையே எடுத்தார்கள். 9 பேர் மேசைக் கணக்கு இயந்திரங்களோடு உட்கார்ந்து, 120 ஆள்நாள் உழைத்து 39.69 என்று கண்டார்கள். 24 சென்ட் மிச்சம். உங்களுக்கு மூன்று மாறிக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். அரைப் பக்கத்தில் முடியும். மாட்டிக்கொண்டால் அட்டவணையை இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.

இரவுப்பள்ளி
முடிவிலி அண்ணாவா இது! நன்றி. அந்த 9 பேருக்கும் என் அனுதாபங்கள்.

ஊரிலிருந்து அம்மா பித்தளைத் தாயக்கட்டை அனுப்பிவிட்டார்கள். நேற்று மகனோடு ஆடினேன், தாயக்கட்டை வீட்டு விதிப்படி. அவனுக்கு 11 சுற்று தாயம் விழவில்லை. ஆறில் ஐந்தைப் 11 தடவை பெருக்கிப் பார்த்தேன், 13 சதவீதம். அவ்வளவு அதிசயம் ஒன்றும் இல்லை என்றேன். அவன் கட்டையை வீசி எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

முடிவிலி
11 தடவை விழாததால் அடுத்தது கட்டாயம் விழும் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

இரவுப்பள்ளி
நான் சொல்லவில்லை அண்ணா. வீடியோ காலில் இருந்த அம்மா சொல்லிவிட்டார்கள். விழுந்தும் விட்டது.